குல்மார்க் போவதா, வேண்டாமா

கிருஷ்ணகிரி

அன்புள்ள கோகிலா,

உன் கடிதம் கிடைத்தது. உன் பிள்ளைகள் கபடியில் கோப்பை வாங்கிய செய்தியை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அரூர் பக்கத்திலிருந்து வரும் அந்த உயரமான பெண், இடது மூலையில் ஆடுவாளே, அவளைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. இன்னும் உன்னிடம்தான் இருக்கிறாளா? இங்கே எல்லோரும் நலம். மாந்தோப்பில் பெங்களூரா மரங்கள் சில இப்போதே பூவெடுக்கத் தொடங்கிவிட்டன. செந்தூரா இன்னும் தளிரோடு நிற்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, முன்பின் தெரியாதவர்களோடு வரிசையில் நின்று பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளவா அவ்வளவு தூரம் போகிறாய், போவதென்றால் சும்மா ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமே என்று எழுதியிருந்தாய். வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். கேட்டது நீ. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பதே உன் வேலை. அதனால் உன்னிடம் முழுதாகச் சொல்லித்தான் முடிவுக்கு வர முடியும் என்று தோன்றுகிறது.

மகள் அனுப்பிய விவரம் இதுதான். பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஐந்து நாள் பயிற்சி, பெரியவர்களுக்கு மட்டும். முதன்முதலாகக் காலில் சறுக்குப் பலகை கட்டுகிறவர்களுக்கு இது இல்லை. ஓரளவு திரும்பவும் நிற்கவும் தெரிந்து, அதற்கு மேல் போக முடியாமல் இருப்பவர்களுக்கு. ஓர் ஆசிரியருக்கு ஆறு பேர். முதல் நாள் காலையில் எல்லோரையும் ஒரு சரிவில் இறக்கிப் பார்த்துத் தரம் பிரித்துக் குழு அமைப்பார்களாம்.

நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். மகள் டேராடூனில் படித்தபோது என்னை உத்தராகண்ட் மலையில் இருக்கும் ஔலிக்குக் கூட்டிப்போனாள். நந்தா தேவி சிகரம் எதிரே நிற்க, அங்கேதான் முதலில் பலகை கட்டினேன். அப்போது கிடைத்த வழிகாட்டி பக்கத்திலேயே நடந்து வந்து கையைப் பிடித்து நிறுத்துவார். விழாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைக்கிற ஸ்னோ பிளவ் முறை அங்கே பழகியது. இன்று வரைக்கும் அதுவே என் கைவசம் இருக்கும் ஒரே வித்தை. மென்சரிவில் அது போதும். சரிவு கொஞ்சம் கூடினால் தொடை எரியத் தொடங்கிவிடும்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குவதை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய். பிரேக்கை மட்டும் நம்பி வருகிற வண்டி பாதி வழியில் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கியரில் இறங்குகிறவர் நிதானமாகக் கீழே போய்ச் சேர்வார். பனியிலும் அதே கணக்குதான். நான் கால் பலத்தை வைத்துப் பிரேக் போட்டுக்கொண்டே இறங்குகிறேன். தேர்ந்தவர்கள் இரண்டு பலகைகளையும் இணையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் முழுதாக முடித்து, சரிவுக்குக் குறுக்கே வந்துவிடுகிறார்கள். வேகம் தானாக அடங்கிவிடுகிறது. காலும் என்னுடையதைப் போலச் சீக்கிரம் களைத்துப்போவதில்லை.

இந்த இணைத் திருப்பம் எனக்கு ஏன் வரவில்லை என்று காரணம் தெரியும். சரிவைக் கண்டதும் உடம்பு பின்னால் சாய்கிறது. மலைப்பக்கம் ஒட்டிக்கொண்டால் விழமாட்டோம் என்று அதுவாக முடிவு செய்துகொள்கிறது. எடை குதிகாலுக்குப் போனதும் பலகையின் முன்பாகம் பனியைப் பிடிக்காது. திருப்பினாலும் திரும்பாது. கணுக்கால் மடங்கி, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த வேண்டும். திரும்பும்போது வெளிப்பக்கக் காலில் எடை நிற்க வேண்டும். வீடியோ பார்த்துப் பார்த்து இதெல்லாம் மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் சரிவில் நிற்கும்போது நான் முன்னால்தான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். மகள் கீழே நின்று எடுத்த படத்தைப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி இருக்கிறேன்.

கோகிலா, எனக்கு வேண்டியது அந்தக் கீழே நின்று பார்க்கிற கண். பாடிப்போகிற பிள்ளையின் பின்கால் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கோட்டுக்கு வெளியே நிற்கிற உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னதும் அவள் காலை மாற்றுவாள். நம் வயதில் அப்படி ஒருவர் நின்று பார்த்துத் திருத்துவது எவ்வளவு அரிதாகிவிட்டது! தோப்பில் நான் சொல்வதுதான் முடிவு, வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். யாரும் எனக்குப் பாடம் சொல்வதில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர், கேட்டுக்கொள்ள நான் என்ற அந்த நிலை எனக்கு மறுபடி வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

அதற்கு ஏன் குழு, தனியாக ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். அதையும் யோசித்தேன். செலவு பல மடங்கு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தனிப் பாடத்தில் முழுக் கவனமும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயரத்தில் மூச்சு விட நேரமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் கால் ஓய்ந்துவிடும். ஓய்ந்த காலோடு பழகுவது கெட்ட பழக்கத்தைத்தான் உறுதியாக்கும். குழுவில் ஆசிரியர் முதலில் இறங்கிக் கொஞ்சம் கீழே நின்றுகொள்வார். ஒவ்வொருவராக இறங்க வேண்டும். என் முறை வரும் வரை மற்றவர்களைப் பார்க்கலாம். என்னைப் போலவே பின்னால் சாய்கிற ஒருவர் இறங்குவதையும், அவரிடம் ஆசிரியர் என்ன சொல்கிறார், அடுத்த முறை அவர் உடம்பில் என்ன மாறுகிறது என்பதையும் கண்ணால் பார்க்கிறேன். தேர்ந்தவர் இறங்கும் வீடியோவில் இது கிடைக்காது. கையில் ஊன்றும் சறுக்குக் கோல்களை இரண்டு கையாலும் முன்னால் குறுக்காகப் பிடித்துக்கொண்டு இறங்குவது, திரும்பும்போது உள்பக்கப் பலகையின் பின்நுனியைத் தூக்குவது, சரிவுக்குக் குறுக்கே நின்றபடியே பக்கவாட்டில் வழுக்கி இறங்குவது என்று பயிற்சிகள் இருக்கின்றன. தனியாக ஒருத்தி செய்தால் கூச்சமாக இருக்கும். ஆறு பேர் சேர்ந்து செய்தால் அது வகுப்பு.

குழுவில் எனக்கு இருக்கும் உண்மையான பயம் வேறு. தரம் பிரிப்பது தப்பிப்போனால் ஐந்து நாளும் வீண். என்னை விட வேகமானவர்களோடு போட்டுவிட்டால், அவர்கள் ஓய்வெடுத்து முடிக்கும்போதுதான் நான் போய்ச் சேர்வேன். உடனே அடுத்த இறக்கம் தொடங்கிவிடும். ஓய்வே கிடைக்காதவர் எப்போதும் கடைசியில் வருகிறவர்தான். மெதுவானவர்களோடு போட்டால் தெரிந்ததையே செய்துகொண்டிருப்பேன். அதனால் நடத்துகிறவர்களிடம் கேட்கச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன்: இரண்டாம் நாள் குழு மாற்றிக்கொள்ள முடியுமா, ஐந்து நாளும் ஒரே ஆசிரியர்தானா, பனியை அழுத்திச் சமன்படுத்திச் சீர்செய்த சரிவுகளில் மட்டும்தான் பயிற்சியா. மூன்றாவதுக்கு ஆமாம் என்று வராவிட்டால் நான் போகமாட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் ஊர் 500 மீட்டர் அளவில் இருப்பதை நினைத்துப் பார். அங்கிருந்து கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தி இரண்டு கட்டமாகப் போகிறது, முதலில் கோங்தூரி, பிறகு அஃபர்வட் மலையின் தோள் வரைக்கும், கிட்டத்தட்ட 4,000 மீட்டர். மேலே இருப்பது சீர்செய்யாத பனி, பனிச்சரிவு அபாயம் உள்ள இடம். 2010 பிப்ரவரியில் அந்த மலைப்பகுதியில் நடந்த பனிச்சரிவில் 17 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். 2024 பிப்ரவரியிலும் வெளிநாட்டுச் சறுக்குவீரர் ஒருவர் இறந்தார். எனக்கு வேண்டியதெல்லாம் கீழே, கிண்ணம் போல விரிந்திருக்கும் புல்வெளியைச் சுற்றியுள்ள மென்சரிவுகளிலேயே கிடைக்கும்.

பனி விழுமா என்பது இன்னொரு கேள்வி. 2024 ஜனவரி முழுக்கக் குல்மார்க் புல்வெளி காய்ந்து கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் கடுங்குளிர் நாற்பது நாள் டிசம்பர் 21இல் தொடங்குகிறது. அந்த நாட்களில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விமானச் சீட்டு எடுக்கப்போகிறேன். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட்டாய். நியாயம்தான், இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பைண்டிங், விழும்போது குறிப்பிட்ட அழுத்தத்தில் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். அந்த அளவை எடை, உயரம், பூட்ஸின் அடிநீளம், எவ்வளவு வேகமாகப் போகிறவர் என்பதையெல்லாம் பார்த்து வைப்பார்கள். ஐம்பது வயதானவர்களுக்கு அட்டவணைப்படி ஒரு படி குறைத்து, எளிதில் கழலும்படி வைக்க வேண்டும். வாடகைக் கடையில் கேட்காவிட்டாலும் வயதையும் எடையையும் நானே சொல்லி அளவு வைக்கச் சொல்வேன். பூட்ஸும் அப்படித்தான். வசதியாக இருக்கிறதென்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் கால் உள்ளே ஆடும், பலகை சொன்னபடி கேட்காது. ஒரே ஒரு மெல்லிய காலுறை போட்டு, இறுக்கமானதைத்தான் எடுக்க வேண்டும். போனதும் ஒருநாள் சும்மா இருந்து அந்தக் காற்றுக்குப் பழகிக்கொள்ளவும் நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

அண்ணன் சொல்வது வேறு. பனியே பார்க்காத ஊரில் பிறந்தவர்களுக்கு இது எதற்கு என்கிறான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஒருவர் ஆரிஃப் கான். குல்மார்க் பக்கத்துக்காரர், சின்ன வயதிலேயே பனியில் இறங்கியவர். அது அவர் ஊர் விளையாட்டு, சரி. ஆனால் குடகுப் பெண் பவானி? காப்பித் தோட்டத்து ஊரில் பிறந்துவிட்டு, நெடுந்தூரப் பனிச்சறுக்கில் கேலோ இந்தியா பதக்கங்கள் வாங்கியிருக்கிறாரே. குடகு நமக்கு எவ்வளவு பக்கம்! நான் பதக்கத்துக்குப் போகவில்லை. ஒரு நடுத்தரச் சரிவை மேலிருந்து கீழ்வரை, பயமில்லாமல், நல்ல திருப்பங்களோடு இறங்க வேண்டும். இதை ஆசைப்பட நான் எங்கே பிறந்தேன் என்பது ஏன் குறுக்கே வர வேண்டும்?

தோப்புதான் கடைசியாக என்னைப் பிடித்து இழுத்தது. பிப்ரவரியில் பூவும் பிஞ்சுமாக இருக்கும் நேரம், தத்துப்பூச்சி வந்தால் விட்டுவைக்காது. பூங்கொத்துகளை நாள்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். முன்பென்றால் இந்த ஒன்றுக்காகவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இப்போது தங்கை மகன் பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துவிட்டு வந்து தோப்பில்தான் இருக்கிறான். மருந்தடிக்கும் நாளை அவனே பார்த்து முடிவு செய்கிறான், சரியாகவும் செய்கிறான். ஒரு வாரம் அவன் கையில் விடலாம். அவனுக்கும் அது நல்லது.

ஆக, எழுத எழுதவே முடிவு தெரிந்துவிட்டது, போகிறேன். மகளிடமிருந்து அந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்ததும் பணம் கட்டிவிடுவேன்.

இப்போது உன் உதவி வேண்டும். பிப்ரவரி வரைக்கும் எனக்கு ஒரு பயிற்சி அட்டவணை போட்டுக்கொடு. இங்கே கோட்டை மலைப் படிகள் இருக்கின்றன, காலையில் ஏறி இறங்கத் தொடங்கியிருக்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் இதற்கு முக்கியம் என்று படித்தேன். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, சறுக்கும்போதும் அதே வேலைதான். ஆனால் முழங்கால் நோகாமல் எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்யலாம், சுவரில் முதுகு சாய்த்து அரை உட்காரலில் எவ்வளவு நேரம் நிற்கலாம், ஒற்றைக் காலில் நின்று பழக உன் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வைக்கிறாய், இதையெல்லாம் எழுது. எழுதுவதைவிட நேரில் பார்த்தால் இன்னும் நல்லது. வருகிற ஞாயிறு தருமபுரிக்கு வரட்டுமா? காலையில் உன் மைதானத்துக்கே வந்துவிடுகிறேன். நான் படி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று நீ நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். மதியம் உன் வீட்டில் சாப்பாடு. போன முறை நீ கேட்ட நாட்டுப்புளி பிரித்து வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன்.

அந்த அரூர்ப் பெண்ணைப் பற்றியும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
தமிழரசி