அடித்தகடு போன வண்டி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "வண்டியை மட்டும் வித்துராதீங்கப்பா, என்ன செலவானாலும் நான் அனுப்பறேன்" என்று நீ சொன்னதும், சரி சாமி என்று சொல்லிவிட்டேன். உன் குரல் கம்மியதும் எனக்கு வேறு பேச்சு வரவில்லை. ராத்திரி படுத்து யோசித்தபோது, உனக்குப் பொய் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது. வாட்சப்பில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

ஆடி போகட்டும் என்று காத்திருந்து 2006 ஆவணியில் எடுத்த மாருதி 800 வண்டி. வருகிற ஆவணியோடு 20 வருஷம். ஆர்சியும், அதாவது பதிவுச் சான்றும், அதோடு முடிகிறது. 2021-ல் கோபி ஆர்டிஓ ஆபீசில் புதுப்பித்தபோது கட்டணம் வெறும் 600 ரூபாய். அடுத்த வருஷமே அது 5,000 ஆனது. இப்போது 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. பழைய வண்டிக்குப் போடுகிற பசுமை வரி தனி. இதெல்லாம் கட்டிவிடலாம், பெரிய விஷயமில்லை. காசுக்காக நான் தயங்குகிறேன் என்று நினைத்துவிடாதே.

எஞ்சினிலும் குறையில்லை. மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டாலும், அந்த 796 சிசி எஞ்சின் ஆல்டோவிலும் ஓடியதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் மாற்றவேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது என்றார் மெக்கானிக். எல்லாம் சேர்த்து 22,000. அதோடு முடிந்திருந்தால் உன்னிடம் சொல்லாமலேயே வேலைக்கு விட்டிருப்பேன்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் ஈரம் காயவே இல்லை என்று சொல்லியிருந்தேன். அவர் சீட்டைக் கழற்றிக் கால்மேட்டைச் சுருட்டி எடுத்தார். கருப்பாக, செதில் செதிலாகத் துரு. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தியதும், நமுத்த அப்பளம் மாதிரி தகடு பிய்ந்து கீழே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக, தரையில் கிடந்த ஸ்பேனர் தெரிந்தது கண்ணு. போன மாதம் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஈரோடு ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் போய்வந்தேன். எண்பது வேகத்தில் போனோம்.

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனியாக இரும்புச் சட்டம் இருக்கும். மேல்கூடு போனாலும் சட்டம் தாங்கும். இந்த வண்டிக்கு அப்படி ஒன்று கிடையாது. அடித்தகடு, பக்கவாட்டு, கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்பு. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டும் அந்தத் தகட்டில்தான் நிற்கிறது. ஏர்பேக் கிடையாது. மோதினால் நம்மைக் காப்பாற்ற இருப்பது அந்தக் கூடு ஒன்றுதான். அது இற்றுப்போன பிறகு எஞ்சின் நன்றாக ஓடி என்ன பிரயோஜனம்?

இதற்குக் காரணம் நான்தான். நீ காலேஜ் போனபிறகு பின் சீட்டை மடித்துப்போட்டு உர மூட்டை ஏற்ற ஆரம்பித்தேன். யூரியா, பொட்டாஷ். பொட்டாஷ் உப்புச் சாதிதான், காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை மூட்டை கிழிந்து சீட்டுக்கு அடியெல்லாம் கொட்டியது. கையால் அள்ளிவிட்டு, மேட்டை மேலே போட்டு மூடிவிட்டேன். வண்டியை வாய்க்கால் கரையில் நிறுத்தி உள்ளே வாளியால் தண்ணீர் அடித்துக் கழுவியதும் உனக்குத் தெரியும். தண்ணீரும் உப்பும் உள்ளேயே நின்று பத்து வருஷம் தின்றிருக்கிறது. மாட்டுக்குக் கழுத்துப்புண் வந்தால் கவனிக்கிறோம், இதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை.

இரண்டு பக்கமும் அடித்தகடும் கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டும் வெட்டி எடுத்துப் புதுசாக வெல்டிங் வைத்து, டிங்கர் வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் கேட்கிறார்கள். எஞ்சின் வேலையோடு 92,000. நீ அனுப்பிவிடுவாய், தெரியும். ஆனால் தகட்டைப் பட்டறையில் தட்டி உருவாக்கித்தான் ஒட்டவேண்டும். பழைய உறுதி வருமா என்று நேராகக் கேட்டேன். "பார்க்க நல்லா இருக்குங்க" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். "ஓட்டை மேல ஒரு தகடு வெச்சு, அண்டர்கோட்டிங் அடிச்சு, புது மேட்டப் போட்டுடலாங்க. பன்னெண்டாயிரத்துல முடியும். கண்டிஷன் எஞ்சின், ஒரே ஓனர், நாப்பத்தஞ்சுக்கு நானே தள்ளிவிடறேன்." மறுநாளே ஆளையும் அனுப்பிவிட்டார். பால் சொசைட்டியில் வேலை செய்கிற பையன். சம்சாரமும் மூன்று வயசுப் பாப்பாவும் கூட வந்திருந்தார்கள். பாப்பா ஏறி நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. பையன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டான், டயரைப் பார்த்தான், முன்பணம் ஐயாயிரத்தை எடுத்து நீட்டினான். நான் பாப்பாவை இறக்கிவிட்டு, மேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"பரவாயில்லீங்க மாமா, நான் தகடு அடிச்சுக்கறனுங்க" என்றான். காரில் போகவேண்டும் என்ற ஆசை முகத்தில் அப்படித் தெரிந்தது. அவனுக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியதும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

உன் அப்பாரை, அதான் என் அப்பாவைப் பற்றி ஒன்று உனக்குச் சொன்னதில்லை. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு மயிலைக் காளையை விற்கப் புளியம்பட்டிச் சந்தைக்கு ஓட்டிப் போனோம். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலையே முடிந்துவிட்டது. பணம் எண்ணும்போது அப்பார், "பாரம் ஏத்துனா மேடு ஏறும்போது படுத்துக்குமுங்க, சொல்லிப்போட்டன்" என்றார். வந்தவர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். காளையோடேயே திரும்பி நடந்தோம். அப்பார் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, பொரிகடலைப் பொட்டலத்தை மட்டும் என் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மேட்டைத் தூக்கிக் காட்டிய அன்று அவர் ஞாபகமாகவே இருந்தது.

ஆக, ரிப்பேரும் இல்லை, விற்பனையும் இல்லை. அரசாங்கப் பதிவு உள்ள ஸ்கிராப் சென்டரில் கொடுக்கப்போகிறேன். போனில் 18,000 சொன்னார்கள். காயலாங்கடையில் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் அங்கே போட்டால் வண்டி என் பேரிலேயே நிற்கும், வண்டியின் உடம்பில் அடித்திருக்கும் அந்த சேஸிஸ் நம்பர் நாளைக்கு எந்த வண்டியில் ஏறுமோ தெரியாது. இவர்கள் சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து ஆர்சியை ரத்து செய்துவிடலாம்.

உன் அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நாற்பத்தைந்தை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போகிறாரே என்று அவளுக்கு. மூன்றாம் நாள் பொழுதோட காபியை வைத்துவிட்டு, "அந்தப் பாப்பாவுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாள். மூணு என்றேன். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உனக்கு இது வெறும் வண்டி இல்லை என்று எனக்குத் தெரியாதா கண்ணு? தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நீ கிளட்ச்சை விட்டு விட்டு ஆஃப் செய்ததும், நான் கத்தியதும், நீ சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்ததும் மறக்குமா? திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏசியை நிறுத்திவிட்டு ஏறினோமே, மேலே போய் நீ பானெட்டைத் தொட்டு "பாவம்ப்பா, கொதிக்குது" என்றாயே. உன்னை ஜெர்மனிக்கு அனுப்ப கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போனதும் இதில்தான். திரும்பி வரும்போது அவினாசி வரைக்கும் நானும் உன் அம்மாவும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஆனால் உங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் தட்டிப் பார்த்து, தகடு துருவில் இற்றிருந்தால் ஸ்டிக்கர் தரமாட்டார்கள் என்று சொன்னதே நீதான். அந்தக் கண்ணோடு இதைப் பார். தீபாவளிக்கு நீயும் மாப்பிள்ளையும் வரும்போது ஆசைக்கு ஒரு ரவுண்டு எடுத்துப் போவாய். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நீ அனுப்புவதாகச் சொன்ன பணம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என்னிடம் மஞ்சள் விற்ற காசு கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 2022-க்கு அப்புறம் வந்த பழைய வண்டி ஒன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன், அதில் முன்னால் இரண்டு ஏர்பேக் கட்டாயம் இருக்கும். அம்மாவின் மூட்டுவலிக்கு ஏற இறங்க உயரமாக இருந்தால் நல்லது. உர மூட்டைக்கு இனி ஆட்டோதான், அதை உன் அம்மாவிடம் சத்தியமே செய்து கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை திருப்பூரில் ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். உங்கள் ஊரில் அது விடிகாலையாக இருக்கும், சிரமம் பார்க்காமல் வீடியோ காலில் வா. மேட்டைத் தூக்கிக் காட்டுகிறேன், நீயும் ஒரு தரம் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா