சால்டேர் பக்கம் திரும்பிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாம் குடியிருக்கும் இந்த வட்டாரத்தின் வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லித்தர வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். எந்த ஊரில் தொடங்குவது என்று கேட்டதும் சால்டேர் என்றுதான் பெரும்பாலோர் சொன்னீர்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகருக்குப் பக்கத்தில், ஓர் ஆலை முதலாளி தன் தொழிலாளர்களுக்காகவே கட்டிய ஊர் அது. பொங்கல், ஆண்டு விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் சால்டேருக்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நடந்தது பெரியவர்களுக்கான பேச்சு. டைட்டஸ் சால்ட் பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலை முதலாளி. மற்றவர்கள் சீண்டாத, தென் அமெரிக்க விலங்கான அல்பாக்காவின் ரோமத்தை நூலாக்கி, பளபளப்பான துணி நெய்து பெரும் பணம் சேர்த்தவர். 1848-ல் அவர் மேயரானார். அடுத்த ஆண்டே ஊரைக் காலரா தாக்கியது. ஆலைப் புகையும், சாக்கடை கலந்த ஓடைத் தண்ணீரும், ஒரே அறையில் அடைந்து கிடந்த குடும்பங்களுமாக இருந்தது அன்றைய பிராட்ஃபோர்டு. சிதறிக் கிடந்த தன் ஆலைகளை அங்கிருந்து கிளப்பி, ஷிப்லிக்குப் பக்கத்தில் ஏர் ஆற்றங்கரையில் ஒரே ஆலையாகக் கட்டினார் சால்ட். இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒரு பக்கம் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய், இன்னொரு பக்கம் ரயில் பாதை. ரோமம் வந்து இறங்கவும் துணி ஏறிப் போகவும் இரண்டும் வாசலிலேயே கிடைத்தன.

1853 செப்டம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் ஆலை திறக்கப்பட்டது. அன்று மூவாயிரம் பேருக்கு மேல் விருந்து. அப்புறம் ஆலையை ஒட்டி ஆண்டுக்கணக்கில் சால்டேர் ஊர் வளர்ந்தது. 800-க்கு மேற்பட்ட கல் வீடுகளுக்கும் தண்ணீர், கேஸ் விளக்கு, தனிக் கழிப்பறை எல்லாம் உண்டு. 1859-ல் தேவாலயம் வந்தது. பள்ளிக்கூடம், முதியோர் இல்லங்கள், மருத்துவமனை, படிப்பகமும் அரங்கும் சேர்ந்த மன்றம், பூங்கா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மதுக்கடைக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

பேச்சுக்குப் பிறகு நடந்த விவாதத்தை நான் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். இலங்கை மலையகத்திலிருந்து வந்த நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "வீடு நல்ல வீடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை கொடுப்பவரும் வீட்டுக்காரரும் ஒரே ஆள் என்றால் அவரை எதிர்த்து யார் வாய் திறப்பார்கள்? எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இதைப் பார்த்திருக்கிறேன்" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டின் முக்கியமான கேள்வி இதுதான். சால்ட் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. அன்றைய பிராட்ஃபோர்டில் இப்படி ஒரு வீடு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருப்பது அவருடைய மனைவி மக்களின் பெயர்கள். கட்டடக் கலைஞர்கள் லாக்வுட், மாசன் பெயரிலும் தெருக்கள் உண்டு. தறியில் நின்றவர்களின் பெயரைத் தெருப்பலகையில் பார்க்க முடியாது.

அந்தப் பெயர்களைத் தேடித்தான் பிள்ளைகளின் வகுப்பை நடத்தினோம். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையெழுத்துப் பக்கங்களை எடுத்து, வீடு வீடாகப் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் என்று வாசித்தார்கள். பிறகு அந்தத் தெருக்களிலேயே நடந்து, வீட்டு எண்ணைப் பார்த்து அந்தக் குடும்பத்தைச் சொன்னார்கள். மேஸ்திரி வீடு சாதாரணத் தொழிலாளி வீட்டைவிடப் பெரிது, மேலதிகாரி வீடு அதைவிடப் பெரிது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள். 1844 தொழிற்சாலைச் சட்டப்படி எட்டு வயதுப் பிள்ளையே அரை நாள் ஆலையிலும் அரை நாள் பள்ளியிலும் இருக்கலாம் என்று ஆசிரியை சொன்னபோது, நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் ஏராளம். பாதி நாள் வேலை செய்த பிறகு எப்படித் தூங்காமல் பாடம் கேட்டார்கள் என்பது அதில் ஒன்று. அந்த வகுப்பை நடத்திய ஆசிரியைக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

ஊர் எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதையும் பேசினோம். 1933-ல் வீடுகள் கம்பெனி கையிலிருந்து போயின. 1971-ல் ஊர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1986-ல் ஆலை மூடப்பட்டது. அவ்வளவு பெரிய கட்டடம் வெறுமனே கிடந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டே ஜோனதன் சில்வர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை உள்ளே கொண்டுவந்து காட்சிக்கூடம் திறந்தார். 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சி ஊராக அதை ஆக்கிவிடவில்லை. இன்றும் அந்த வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. பாதுகாப்பு விதிகளால் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி கேட்கும் தொந்தரவு அவர்களுக்கு உண்டு. நாம் கூட்டமாகப் போகும்போது அவர்கள் வாசலில் நின்று சத்தம் போடாமல் இருப்பது நம் கடமை. அடுத்த நடைப் பயணத்திலும் இதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகள் எழுதிய குறிப்புகளைத் தொகுத்துத் தமிழில் ஒரு சிறு கையேடு தயாராகிறது. அச்சுச் செலவுக்கான நன்கொடைப் பட்டியல் வாசலில் உள்ளது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு வேலையை முன்வைக்கிறது. 1950-களிலிருந்து பிராட்ஃபோர்டு ஆலைகளின் இரவு ஷிப்ட்டில் நின்றவர்களில் பெரும்பங்கினர் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது நல்ல வயது. அவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். உருது, பஞ்சாபி தெரிந்தவர்கள் நமக்குள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்தத் திட்டத்துக்கும் இந்த அறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டு அமர்கிறேன்.

செயலாளர்