திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை திரையிடல்கள் நடந்தன. நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீச்செலவு கணக்கில் இருக்கிறது.

சொல்ல வேண்டியது 'கூழாங்கல்' திரையிடலைப் பற்றித்தான். பி.எஸ். வினோத்ராஜின் இந்தப் படம் 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான். ஆனால் 2023இல் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. மதுரைப் பக்கம் கரட்டு நிலத்தில் எடுத்த படத்தை அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் பெரிய திரையில் பார்க்க வழியில்லை. முறையாக அனுமதி வாங்கி, உறுப்பினர் ஒருவரின் கிராமத்துப் பள்ளி மைதானத்தில் திரை கட்டினோம். "பாட்டு இல்லை, சண்டை இல்லை, யார் உட்காருவார்கள்?" என்று குழுவிலேயே கேட்டார்கள். ஆனால் படத்தில் அப்பாவோடு போகும் பையன் பஸ் காசைக் கிழித்துப் போட்டதும், "அடப்பாவி, இனி நடந்துல்ல போகணும்!" என்று ஒரு பாட்டி சத்தம் போட்டார். கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியில் தண்ணீர் ஊற ஊற மொண்டு குடத்தை நிரப்பும் நீளமான காட்சி. நம் அரங்கமாக இருந்தால் அந்நேரம் பலர் கையில் செல்போன் மின்னும். அங்கே, "கலக்காத, தெளியட்டும்" என்று திரைக்கே யோசனை சொன்னார்கள்.

சின்னப் படங்களுக்கு ஆள் வராது என்பது சும்மா பேச்சு. தியேட்டரில் வெள்ளிக்கிழமை பகல் காட்சி கொடுத்துத் திங்கட்கிழமை தூக்கிவிட்டால், வேலைக்குப் போகிறவர் எப்போது பார்ப்பார்? மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய 'ஒடேசா' திரைப்படக் குழு நண்பர்களும் கேரளத்தில் ஊர் ஊராகச் சாப்ளின் படம் போட்டுக் காட்டிப் பணம் திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். நமக்குப் படம் எடுக்கும் வேலைகூட இல்லை, கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

அடுத்து கிராமத்தில் திரையிட நினைப்பது 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்'. இயக்குநர் ரீமா தாஸ் அசாமில் தன் சொந்த ஊரில், ஊர்ப் பிள்ளைகளை நடிக்கவைத்து, தானே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்த படம். 2018இல் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஆங்கில சப்டைட்டிலோடு கிராமத்தில் போட முடியாது. தமிழ் சப்டைட்டில் எழுத இரண்டு உறுப்பினர்கள் முன்வந்திருக்கிறார்கள். அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவேண்டும்.

புரொஜெக்டர் பல்பு மங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிடவும். வரவு செலவுக் கணக்கைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்