மூளையின் மேல் பழி போடலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில் மனிதரின் பாரபட்சம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தன் கூட்டத்தைச் சேராத முகத்தைக் கண்டால் மூளையில் ஆபத்தை உணர்த்தும் பகுதியான அமிக்டலா தானாகவே கிளர்ந்தெழுகிறது, இது பிறவியில் வந்தது, ஆகவே யாரையும் குறை சொல்ல முடியாது என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரி இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டு எலிசபெத் ஃபெல்ப்ஸ், மஹ்ஸரின் பனாஜி முதலானோர் வெள்ளை அமெரிக்கர்களிடம் செய்தது. முன்பின் தெரியாத கறுப்பின முகங்களைப் பார்த்தபோது எல்லோருடைய அமிக்டலாவும் ஒரே மாதிரி நடக்கவில்லை, ஆளுக்கு ஆள் மாறியது. வாயால் சொன்ன கருத்தோடு அது பொருந்தவில்லை. கருத்தை நேரே கேட்காமல், பதில் சொல்லும் வேகத்தை வைத்துச் சாய்வை அளக்கும் மறைமுகச் சோதனையில் யாரிடம் சாய்வு கூடுதலாகத் தெரிந்ததோ, அவரிடம்தான் அமிக்டலாவின் கிளர்ச்சியும் கூடியது. சரி, பெயர் பெற்ற, எல்லோரும் மதிக்கும் கறுப்பினத்தவரின் முகங்களைக் காட்டியபோது? அந்தத் தொடர்பே தெரியவில்லை. இந்தப் பாதியை ஏன் விட்டீர்கள்? 2004இல் வந்த இன்னோர் ஆய்வும் உங்களுக்குத் தெரியாததல்ல. முகத்தை 30 மில்லிசெக்கன் மட்டும் காட்டினால் கறுப்பின, வெள்ளையின முகங்களுக்கு இடையே அமிக்டலாவில் தெரிந்த வேறுபாடு, அரை செக்கன் பார்க்க விட்டதும் குறைந்தது. அப்போது, யோசித்து நம்மைக் கட்டுப்படுத்தும் நெற்றிப்பக்க மூளை வேலை செய்தது.

நாங்கள் மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். என் மகள் பட்டம் முடித்து கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். முகவரியைப் பார்த்தவர், "தோட்டமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தண்ணீர் வருகிறதா, அம்மா கொழுந்து பறிக்கிறாரா என்றுதான் கேட்டார். அவரும் தமிழர்தான். இருபது நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தார், ஆசிரியரே. அரை செக்கன் அல்ல.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் செய்தது. அடுத்த வருடம் வாக்குரிமை போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். என் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியதை இன்றும் மறக்க முடியவில்லை. இவையெல்லாம் படித்தவர்கள் மேசையில் உட்கார்ந்து, யோசித்து, கையெழுத்துப் போட்ட காகிதங்கள். பிறவிக்குணம் என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். மண்சரிவு என்றால் அதில் நாங்கள் செய்தியாக வருகிறோம், சம்பளப் போராட்டம் என்றால் வருகிறோம். அப்போதும் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம், அடியில் "தோட்டத் தொழிலாளி" என்ற ஒரு சொல். அவருக்குப் பெயர் இல்லையா? வேறு இடத்து மனிதரின் படம் என்றால் பெயர் போடுகிறீர்களே. தெரிந்த முகத்திடம் மூளை வேறு மாதிரி நடக்கிறது என்றால், எங்கள் முகங்களைத் தெரிந்த முகங்களாக்கும் வேலை உங்களுடையதும்தான். தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், என்னிடம் படித்த பிள்ளைகளில் தாதியர், பொறியியலாளர், விரிவுரையாளர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவரின் படத்தையும் உங்கள் பக்கங்களில் நான் கண்டதில்லை.

விட்டுப்போன அந்தப் பாதியை அதே பக்கத்தில் நான்கு வரியிலாவது போடுங்கள். அப்புறம், அடுத்த முறை கொழுந்து பறிக்கும் ஒருவரைப் படம் பிடித்தால், பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை