நின்ற இடத்தில் பேசு

கண்ணு,

பாங்காக்கில் இறங்கியதும் நீ அனுப்பிய படம் வந்தது. உங்கப்பா அதைப் பார்த்ததிலிருந்து நீ தங்கியிருக்கும் தெருவை கூகுள் மேப்பில் மேலும் கீழுமாக அலசிக்கொண்டிருக்கிறார். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கிளம்பும்போது அம்மிச்சி, "அந்நிய ஊர்ல ஆரு கூப்புட்டாலும் திரும்பிப் பாக்காத சாமி" என்றாங்களே, எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டன், ஜிப், லேஸ் வாங்க கம்பெனி என்னைத் தனியாக அனுப்பிய ஊர்களில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு வேலையும் நடந்திருக்காது. பேசு. யார் வந்து பேசினாலும் பேசு. நீ நிற்கும் இடத்திலிருந்து உன்னைக் கிளப்பப் பார்க்கிறார்களா என்பதில் மட்டும் கண் இருக்கட்டும். கிளப்பினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்.

நாளைக்கு அரண்மனை பார்க்கப் போவதாகச் சொன்னாய். மதில் ஓரமாக நடக்கும்போது இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒருத்தர் எதிரே வருவார். "இன்னிக்கு அரண்மனை மூடியிருக்கு, உள்ளே பூஜை, மத்தியானம்தான் திறப்பாங்க" என்பார். அவ்வளவு பணிவாகச் சொல்வார், சந்தேகப்படவே கூச்சமாக இருக்கும். உன் கையிலிருக்கும் மேப்பை வாங்கி வேறு இரண்டு புத்தர் கோயில்களைச் சுழித்துக் காட்டுவார். கூப்பிட்ட மாதிரி ஒரு டுக்டுக் வந்து நிற்கும். ஊரைச் சுற்றிக் காட்ட 20, 30 பாட்தான் கேட்பார்கள். வண்டி கடைசியில் நிற்பது ரத்தினக் கல் கடையிலோ தையல் கடையிலோதான். ஆள் கொண்டுபோய் விட்டால் ஓட்டுநருக்கு கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ உண்டு. "இந்தக் கல்லை உங்க ஊர்ல இரண்டு மடங்குக்கு விக்கலாம்" என்று அங்கே ஆரம்பிப்பார்கள். பல வருஷமாக இதே நாடகம், வசனம்கூட மாறவில்லை. அரண்மனை காலை 8.30க்குத் திறந்துவிடும். அரச நிகழ்ச்சி இருந்தால் மூடுவதும் உண்டுதான், ஆனால் அதை வாசலில் சீட்டு கொடுக்கிறவர் சொல்லட்டும். சுற்றுலா போலீஸ் எண் 1155, போனில் போட்டு வைத்துக்கொள்.

ஷாங்காயில் கதை வேறு மாதிரி. நாஞ்சிங் ரோட்டில் நான் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இரண்டு பெண்கள் வந்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். வேறு மாகாணத்திலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார்களாம், இங்கிலீஷ் பேசிப் பழக ஆசையாம், என் காதுத் தோடு ரொம்ப அழகாம். பக்கத்தில் ஒரு இடத்தில் பழைய முறைப்படி டீ போட்டுக் கொடுப்பதைப் பார்க்கப் போகிறோம், வாங்களேன் என்றார்கள். "கால் வலிக்குது, இங்கேயே இந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசலாமே" என்றேன். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒருத்திக்கு போன் வந்தது, இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் ஆபீசில் ஒருவர் இப்படிக் கூப்பிட்டவர்களோடு டீ குடிக்கப் போயிருக்கிறார். சின்னச் சின்னக் கோப்பையில் வகை வகையாக டீ வந்ததாம். பில் ஆயிரக்கணக்கில் யுவான். அந்தப் பிள்ளைகளும் தங்கள் பங்கு என்று பணத்தை எடுத்து வைத்தார்களாம், அதனால் வாய் திறக்காமல் இவரும் கார்டை நீட்டியிருக்கிறார். பங்கு போடுகிற அந்தத் தந்திரம்தான் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

இதை வைத்து, தானாக வந்து பேசுகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று முடிவு கட்டிவிடாதே. ஹனோய் போனால் ஹோன் கியம் ஏரிக்கரையில் சாயங்காலம் போய் உட்கார். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு இரவு வரை ஏரியைச் சுற்றி வண்டி விடமாட்டார்கள், ஊரே நடுரோட்டில் நடக்கும். நோட்டும் பேனாவுமாகப் பிள்ளைகள் வருவார்கள். என்னிடம் வந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தான். எந்த ஊர், என்ன சாப்பாடு பிடிக்கும், வியட்நாம் பிடித்திருக்கிறதா. அவன் டீச்சர் நாலடி தள்ளி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லச் சொல்ல, அதைக் காதிலேயே வாங்காமல் அடுத்த கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான், நீ பேச்சுப் போட்டிக்குப் போகும்போது செய்வாயே, அதே மாதிரி. அவன் போனதும் அடுத்த பிள்ளை, அப்புறம் காலேஜ் பெண்கள் இரண்டு பேர். இருட்டும்வரை அந்த பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை.

ஜப்பானில் வழி கேட்டால் சிலர் கூடவே நடந்து வந்து பிளாட்பாரத்தில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். தாராளமாகப் போ, நீ கேட்ட இடத்துக்குத்தானே கூட்டிப் போகிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்தவளும் நீதான். கையில் குழந்தை வைத்திருப்பவர், கடையைக் கூட்டுகிறவர் என்று தன் வேலையில் இருக்கிறவரைப் பார்த்துக் கேள். தெருமுனைகளில் கோபான் என்று சின்ன போலீஸ் சாவடி இருக்கும், அவர்களுக்கு வழி சொல்வது தினசரி வேலை.

"தனியாவா வந்திருக்கீங்க, எங்கே தங்கியிருக்கீங்க?" என்று எவரும் கேட்பார்கள், பாதிப் பேர் சும்மா கேட்பதுதான். நீ மட்டும் ஃப்ரெண்ட் ரூமில் இருக்கிறாள், சாயங்காலம் வருவாள் என்று சொல்லிவிடு. அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று. பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போ. 1800களில் நம்மாட்கள் கட்டியது, இப்போது சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பது பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். அங்கே யாராவது "நீங்க தமிழா?" என்று கேட்டால் மனசு உருகத்தான் செய்யும். உருகட்டும். அவர் வண்டியில் ஏறுவதற்கு அது காரணமில்லை. ஊர்க்காரர் என்றதும் நாம் ரூம் நம்பர்வரை சொல்லிவிடுகிற ஜாதி.

ஹனோயில் ஏரிக்கு வடக்கே பழைய ஊருக்குள் ஹாங் போ என்று ஒரு தெரு, முழுக்க நூல், பட்டன், ஜிப் கடைகள். சிப்பி பட்டன் இப்போது என்ன விலை போகிறது என்று இரண்டு மூன்று கடையில் விசாரித்து படம் எடுத்து அனுப்பு. முதல் கடையிலேயே வாங்கிவிடாதே. பேரம் பேசினால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கால்குலேட்டரை உன் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

அம்மா