உன் ரிசல்ட்டைப் படித்தேன், கண்ணு

காட்பாடி

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ரிசல்ட் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லண்டன் கடிதத்தை அப்பாவின் உதவியோடு வரி விடாமல் படித்துவிட்டேன். ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறது, செல்களில் மாற்றம் இல்லை, ஒரு வருடம் கழித்து வரவும். இவ்வளவுதான் போட்டிருக்கிறது. புற்றுநோய் என்று அதில் எங்கும் இல்லை. அழாதே.

குடியாத்தம் பக்கம் நர்ஸாக இருந்தபோது நான் பெண்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் இந்த வைரஸ்தான். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கினால்தான் செல்கள் மெல்ல மாறும். அது புற்றாக முற்ற, பெரும்பாலும் 15, 20 வருடம் பிடிக்கும். அதனால்தான் ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறார்கள், அலட்சியத்தால் இல்லை. அடுத்த டெஸ்டில் வைரஸோடு செல் மாற்றமும் தெரிந்தால் கால்போஸ்கோபிக்கு, அதாவது லென்ஸ் வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். செல்கள் நன்றாகவே இருந்தும் வைரஸ் மூன்றாம் முறையும் போகவில்லை என்றாலும் அனுப்புவார்கள். அங்கே 'சின்' என்று எழுதி 1, 2, 3 என்று நம்பர் போடுவார்கள். அது புற்றின் ஸ்டேஜ் இல்லை, செல் எவ்வளவு மாறியிருக்கிறது என்ற கணக்கு. 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும். 3 என்றால்கூட அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட முடியும்.

போனில் நீ கேட்க வந்து நிறுத்தியது எனக்குப் புரிந்தது. இது தாம்பத்திய உறவில் ஒட்டும் வைரஸ் என்பதற்காக மாப்பிள்ளையைச் சந்தேகப்படாதே, அவரும் உன்னைச் சந்தேகப்பட வேண்டாம். இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. தாம்பத்தியம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோவதுதான்.

என் பயம் வேறு. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் ஆசிட் தடவி, ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்போம். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்போம். பீடி சுற்றும் பெண் ஒருத்தி அந்தச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள், போகவே இல்லை. வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். பிறகு அவளைப் பார்த்தபோது நோய் முற்றியிருந்தது. ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்துத்தான் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கட்டர் அம்மா டாக்டருக்குப் படித்து, 1900-ல் நம் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

நடுவில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு இல்லாத நாளில் பட்டாலோ ஒரு வருடம் காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் காட்டு. அடுத்த வருட அழைப்பு வந்ததும் தேதியை எனக்கு அனுப்பு. அன்றைக்கு நீ லீவு போட்டாயா என்று நானே போன் பண்ணிக் கேட்பேன்.

அம்மா