சேர்வதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று பயிற்சிப் பள்ளிகளின் விவரமும் படித்தேன். கராத்தேயா, ஜூடோவா, டேக்வாண்டோவா என்று கேட்டிருக்கிறாய். அது இரண்டாவது கேள்வி. எந்தக் கலையானாலும் சொல்லிக்கொடுக்கிற ஆள் சரியில்லை என்றால் காலமும் காசும் போவதோடு, வராத தைரியம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பும் தொற்றிக்கொள்ளும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு கராத்தே பள்ளியில் சேர்ந்தேன். சுவர் முழுக்கக் கோப்பைகளும் சான்றிதழ்களும். ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் என்றார்கள், சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் தனியாகத் தேர்வுக் கட்டணம். தேர்வில் யாரும் தோற்றதாக நினைவில்லை. அப்புறம் ஒரு நாள் நண்பன் ஜூடோ வகுப்புக்குக் கூட்டிப் போனான். ஆறு மாதம்தான் பழகியிருந்த ஒரு பையன் என் காலரைப் பிடித்தான். அடுத்து என் கண்ணுக்குத் தெரிந்தது கூரை. மூன்று முறை எழுந்தேன், மூன்று முறையும் கூரைதான். அதுவரை நான் குத்தியதெல்லாம் வெறும் காற்றை. என்னோடு பழகியவர்களும் நான் கை ஓங்கியதும் விழுந்து கொடுத்தவர்கள். அந்த பெல்ட் இப்போது பரணில் பழைய மெத்தையைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

கராத்தேயைக் குறை சொல்லவில்லை. வேர்க்க விறுவிறுக்க ஸ்பாரிங், அதாவது நேருக்கு நேர் மோதிப் பழகுவதை, செய்கிற கராத்தே பள்ளிகளைப் பின்னால் பார்த்திருக்கிறேன். என் பள்ளியில் அது இல்லவே இல்லை. கேட்டால், "நம்முடைய நுட்பங்கள் ரொம்ப ஆபத்தானவை, ஒருவர் மேல் ஒருவர் போட்டுப் பார்க்க முடியாது" என்பார் மாஸ்டர். அப்போது பெருமையாக இருந்தது! இன்று யாராவது அப்படிச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஏன் என்றால், ஜிகோரோ கானோ 1882இல் ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கியபோது செய்தது இதற்கு நேர்மாறான வேலை. அப்போது அவருக்கு 21 வயது. பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுத்ஸுவில் இருந்த அபாயமான பிடிகளையும் அடிகளையும் மோதல் பயிற்சியிலிருந்து ஒதுக்கி வைத்தார். மிச்சமிருந்ததை முழு பலத்தோடு, எதிராளியும் முழு பலத்தோடு தடுக்கும்போது தினமும் பழக வைத்தார். 'ரந்தோரி' என்று பெயர். எதிர்ப்பவன் மேல் ஆயிரம் முறை போட்டுப் பழகிய சாதாரண வீச்சு கைகொடுக்கும். ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காத பயங்கர அடி அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வராது.

அதனால் சேர்வதற்கு முன் முழு வகுப்பு ஒன்றை உட்கார்ந்து பார். பார்க்கவே விடமாட்டோம் என்றால் அந்தப் பள்ளி வேண்டாம். மாஸ்டர் செய்து காட்டும்போது பார்க்காதே, எல்லோரும் அதில் அழகாகத்தான் இருப்பார்கள். மாணவர்கள் ஒருவரோடொருவர் மோதும்போது பார். ஒருவர் விட்டுவிடச் சொல்லித் தட்டியதும் பிடி அந்தக் கணமே தளர்கிறதா? கழுத்து நெரிப்பு சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பிவிடும், அங்கே அலட்சியம் கூடாது. தலையில் அடிபட்டுத் தடுமாறும் ஒருவரை அன்றைக்கே திரும்ப உள்ளே இறக்கினால் அந்த இடமும் வேண்டாம். முதல் வாரத்திலேயே புது ஆளை முழு வேகத்தில் அடிக்க விடுவதும் வீரமில்லை. விழக் கற்றுக்கொடுத்த பிறகுதான் தூக்கிப் போட வேண்டும். பாயைத் தினமும் துடைக்கிறார்களா என்றும் கேள். சிரிக்காதே, படர்தாமரை வந்தால் சிரிப்பு வராது.

பெல்ட் விஷயம். டான் என்ற படிநிலையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தவரும் கானோதான், கராத்தே அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிளாக் பெல்ட்டின் முதல் படியான முதல் டானுக்கு ஜப்பானியப் பெயர் 'ஷோடான்', தொடக்கப் படி என்று அர்த்தம். அதை முடிவாகக் காட்டி விற்பவரிடம் ஜாக்கிரதை. தரையில் மல்லுக்கட்டும் பிரேசிலிய ஜியு-ஜிட்ஸுவில் பிளாக் பெல்ட்டுக்குச் சுமார் பத்து வருடம் ஆவது சகஜம். டேக்வாண்டோவில் தென் கொரியாவில் உள்ள தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டான் தருவதில்லை, 'பூம்' என்று வேறு பெயரில்தான் தருகிறது. "உங்களுக்கு பிளாக் பெல்ட் கொடுத்தவர் யார்?" என்று மாஸ்டரிடம் நேராகவே கேள். ஒழுங்காகக் கற்றவருக்கு அது கௌரவமான கேள்வி, உட்கார வைத்துக் கதை சொல்வார். மழுப்பினாலோ கோபப்பட்டாலோ உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. கோப்பைகளை வைத்து முடிவு செய்யாதே, கோப்பை கடையிலும் கிடைக்கும்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் கட்டு. ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கேட்டு, "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடு.

இன்னொன்றை அப்பா எழுதத் தயங்கினேன், ஆனாலும் எழுதுகிறேன். அங்கே நீண்ட நாளாகப் பழகும் பெண்கள் இருக்கிறார்களா என்று பார். இருந்தால், மாஸ்டர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர்களிடம் பேசு. இவரோடு பயிற்சி வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்களா, பிடியைத் திருத்தத் தொடும்போது மாஸ்டர் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று கேள். வேறு பள்ளிக்குப் போய்ப் பழகக் கூடாது, மாஸ்டரை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்கிற இடங்களில் இந்தத் தொல்லை வெளியே வருவதேயில்லை. தனியாக வந்தால் ரகசியம் சொல்லித்தருகிறேன் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

உன் மூன்றில், 'பத்தே நாளில் தற்காப்பு' என்று போட்டிருப்பதை நான் அடித்துவிட்டேன். மற்ற இரண்டில் எது என்பது உன் பாடு. எந்தக் கலை பிடிக்கிறது என்பதைவிட, வாரம் மூன்று நாள் அலுக்காமல் போய்வர முடிகிற தூரமா என்று பார். செவ்வாய்க்கிழமை போகிறேன் என்றாயே, போய்விட்டு இரவே கூப்பிடு. அந்த வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது தப்பாகச் செய்தபோது மாஸ்டர் என்ன செய்தார் என்று அப்பாவுக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா